ஒரே நாள், ஒரே கை, இரண்டு ஐஎன்ஆர்

வைகைக்கரை எழுதியது:

அம்மாவுக்கு 63 வயது. ருமாட்டிக் காய்ச்சலில் கெட்டுப்போன இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்து ஆறு வருடம் ஆகிறது. வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் ராத்திரி அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க மாதம் ஒரு முறை பிடி-ஐஎன்ஆர் டெஸ்ட். ஐஎன்ஆர் ஏறினால் ரத்தம் கசியும், இறங்கினால் கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எப்போதும் மதுரையில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலேயே பார்ப்போம். போன செவ்வாய் காலையும் அங்கே ரத்தம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினோம். வந்ததும் பல் விளக்கும்போது ஈறில் லேசாக ரத்தம் தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் ஊர் லேபிலும் ஒரு முறை கொடுத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஐந்து மணி நேரம்தான்.

ஆஸ்பத்திரி ரிப்போர்ட் 2.8. ஊர் லேப் ரிப்போர்ட் 3.9.

3.9ஐப் பார்த்த உள்ளூர் டாக்டர் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். மதுரையில் கேட்டால் 2.8 நன்றாக இருக்கிறது, ஒன்றையும் மாற்றாதீர்கள் என்கிறார்கள். எங்களுக்குச் சொன்ன இலக்கு 2.5லிருந்து 3.5. அம்மா மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு "போடவா, வேண்டாமா" என்று கேட்கிறார். என்ன சொல்வது? எந்த எண்ணை நம்புவது?

மணல்மேடு எழுதியது:

நடுவில் கீரை ஏதும் சாப்பிட்டார்களா? என் மாமாவுக்கு முருங்கைக்கீரை சாப்பிட்டால் ஐஎன்ஆர் ஆட்டம் காணும்.

பொதிகை எழுதியது:

நான் ரத்தவியல் மருத்துவர். முதலில் இன்றிரவு விஷயம். வால்வைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவமனை சொன்னதைக் கேளுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் அவர்களிடமே காட்டி, ஈறு ரத்தத்தையும் சொல்லுங்கள். மைட்ரல் இடத்தில் செயற்கை வால்வு இருப்பவருக்கு, சந்தேகமான ஓர் எண்ணை வைத்து மாத்திரையை நிறுத்துவது சின்ன விஷயமில்லை. வால்வில் கட்டி படியலாம்.

மணல்மேடு, கீரையில் இருக்கும் வைட்டமின் கே ஐஎன்ஆரைக் குறைக்கும், ஏற்றாது. அதுவும் ஐந்து மணி நேரத்தில் தெரியாது, நாள் கணக்கில் ஆகும். இங்கே மாறியிருப்பது அம்மாவின் ரத்தம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

பனங்காடு எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சின்ன லேபில் இந்த டெஸ்டைக் கொடுக்கவே கூடாது. பெரிய இடம் சொல்வதுதான் சரி. ஊர் லேபை மூடச் சொல்லுங்கள்.

நீலமூடி எழுதியது:

தம்பி வைகைக்கரை, நான் லேப் டெக்னீஷியன். 19 வருடமாக, ரத்தம் உறைவதைச் சோதிக்கும் கோயாகுலேஷன் மேசையில்தான் இருக்கிறேன். எந்த லேப் பெரிது என்று பார்ப்பதற்கு முன்னால் இந்த டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களே இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நீல மூடி போட்ட குழாயில் 0.3 மில்லி சிட்ரேட் இருக்கும். கோடு வரைக்கும் 2.7 மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். ஒன்பதுக்கு ஒன்று. சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் குழாயில் உறையாது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே வைக்கோல் நிறத்தில் ப்ளாஸ்மா நிற்கும். அதில் கொஞ்சம் எடுத்து 37 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் த்ரோம்போபிளாஸ்டின் என்ற ரீஏஜென்டை விட வேண்டும். கால்சியமும் அதிலேயே இருக்கும். விட்ட நொடியிலிருந்து உறையும் நொடி வரை எவ்வளவு நேரம் என்பதுதான் பிடி, ப்ரோத்ராம்பின் டைம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் இயந்திரம் இல்லை. ஒரு கையில் ஸ்டாப் வாட்ச், மறுகையில் கண்ணாடிக் குழாய். வாட்டர் பாத்திலிருந்து எடுத்து லைட்டுக்கு நேராகச் சாய்ப்போம், திரும்ப முக்குவோம், திரும்பச் சாய்ப்போம். தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது ஒரு நொடியில் இழுவையாகும். சிலந்தி நூல் போல ஒன்று கண்ணாடியில் ஒட்டும். அந்த நொடியில் கட்டைவிரல் வாட்சை அமுக்க வேண்டும். என் கைக்கும் பக்கத்தில் இருந்த அக்காவின் கைக்கும் ஒரு நொடி வித்தியாசம் எப்போதும் இருக்கும். இப்போது அந்த நொடியை இயந்திரம் பிடிக்கிறது. ஒளி மங்குவதைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் இயந்திரம் உண்டு, குழாய்க்குள் ஆடும் எஃகுக் குண்டு நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கும் இயந்திரமும் உண்டு. மஞ்சள் காமாலைக்காரர் ப்ளாஸ்மாவும் கொழுப்பு மிதக்கும் ப்ளாஸ்மாவும் ஒளி இயந்திரத்தைக் குழப்பும்.

ஆனால் பெரிய வித்தியாசம் வருவது ரீஏஜென்டில். சிலது முயல் மூளையிலிருந்து எடுப்பது, சிலது உறைதலைத் தொடங்கிவைக்கும் மனித டிஷ்யூ ஃபேக்டர் என்ற புரதத்தை ஆய்வகத்தில் உருவாக்கிச் செய்வது. ஒன்றின் வேகம் இன்னொன்றுக்குக் கிடையாது. ஒரே ப்ளாஸ்மா ஒன்றில் 34 நொடி காட்டும், இன்னொன்றில் 27 காட்டும். இரண்டும் சரியான அளவீடுதான். அதனால்தான் நொடியை அப்படியே ஒப்பிடக் கூடாது.

ஒவ்வொரு ரீஏஜென்ட் பெட்டிக்குள்ளும் ஒரு தாளில் ஐஎஸ்ஐ என்று ஓர் எண் போட்டிருக்கும். ஹெல்மெட்டில் குத்தியிருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை வேறு, இது வேறு. உலக நிர்ணய ரீஏஜென்டோடு ஒப்பிட்டால் இந்த ரீஏஜென்ட் எவ்வளவு நுட்பமானது என்பதன் அளவு இது. 1க்குப் பக்கத்தில் இருந்தால் நுட்பமானது. எண் ஏற ஏற மந்தமானது, அதே ரத்தத்துக்கு நொடி குறைவாகவே நீளும். நோயாளியின் நொடியை, நார்மல் ஆட்களின் சராசரி நொடியால் வகுத்து, வரும் விகிதத்தை ஐஎஸ்ஐ அடுக்குக்கு உயர்த்தினால் ஐஎன்ஆர்.

இரண்டு ரிப்போர்ட்டிலும் மூன்று எண்களைத் தேடுங்கள் தம்பி. அம்மாவின் நொடி, கன்ட்ரோல் அல்லது எம்என்பிடி என்று போட்டிருக்கும் நார்மல் ஆட்களின் சராசரி நொடி, ஐஎஸ்ஐ. இங்கே போடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நன்றி அக்கா. மதுரையில் பேசிவிட்டேன். மாத்திரையை வழக்கம்போலப் போடச் சொன்னார்கள், ஈறுக்குப் பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அம்மா மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்.

மதுரை: அம்மா 34.3 நொடி, எம்என்பிடி 12.5, ஐஎஸ்ஐ 1.02, ஐஎன்ஆர் 2.8.
ஊர் லேப்: அம்மா 34.4 நொடி, கன்ட்ரோல் 13.0, ஐஎஸ்ஐ 1.40, ஐஎன்ஆர் 3.9.

நொடி கிட்டத்தட்ட ஒன்றுதானே! அப்புறம் எப்படி இவ்வளவு தூரம்?

தென்னந்தோப்பு எழுதியது:

நான் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை செய்கிறேன். குழாய் நிரம்பாமல் இருந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம். வயதானவர்களுக்கு நரம்பு கிடைக்காமல் பட்டர்ஃபிளை ஊசி போடுவோம். அதன் நீளமான டியூபில் இருக்கும் காற்று முதல் குழாய்க்குள் போய்விடும், ரத்தம் கோட்டைத் தொடாது. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சும். மிஞ்சிய சிட்ரேட் ரீஏஜென்டில் இருக்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும், நொடி கூடிவிடும். ஒரு பாட்டிக்கு இப்படி எடுத்துக் கொடுத்து ஐஎன்ஆர் ஏறி வந்து, வீட்டில் எல்லோரும் பதறிவிட்டார்கள். திரும்ப எடுத்தால் நார்மல். அன்றிலிருந்து பட்டர்ஃபிளை போட்டால் ஒரு குழாயைக் காற்றுக்குக் கொடுத்து எறிந்துவிட்டு, அடுத்த நீலக் குழாயைத்தான் அனுப்புகிறேன்.

நீலமூடி எழுதியது:

தென்னந்தோப்பு சொன்னது ரொம்ப முக்கியம். குழாய் பத்தில் ஒன்பது பங்காவது நிரம்பாமல் வந்தால் நாங்கள் திருப்பி அனுப்புவோம், நோயாளி எவ்வளவு சண்டை போட்டாலும். குழாய் நிரம்பியிருந்தும் இதே தவறு வரும் இடம் ஒன்றும் உண்டு. பிறவி இதய நோயால் உடம்பு நீலம் பாரிக்கும் பிள்ளைகளுக்கு ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 60 சதவீதம்கூட இருக்கும். குழாய் கோடு வரை நிரம்பினாலும் அதில் ப்ளாஸ்மா குறைவு, சிட்ரேட் அதிகம். ஹீமடோக்ரிட் 55ஐத் தாண்டினால் சிட்ரேட்டைக் குறைத்து எடுத்துவிட வேண்டும். 60 என்றால் 0.3 மில்லிக்குப் பதில் 0.2 மில்லி போதும். இதைச் செய்யாமல் ஆபரேஷனுக்கு முன் பிடி அதிகம் என்று தள்ளிப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை.

இப்போது தம்பியின் எண்கள். நீங்கள் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. மதுரை ரீஏஜென்ட் 1.02, நுட்பமானது. ஊர் லேப் 1.40 என்கிறது, மந்தமானது. மந்தமான ரீஏஜென்டில் அம்மாவின் ப்ளாஸ்மா இவ்வளவு நீளக் கூடாது. உண்மையான ஐஎன்ஆர் 2.8 என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். 1.40க்கு விகிதம் சுமார் 2.09தான் வர வேண்டும். கன்ட்ரோல் 13ஆல் பெருக்கினால் 27 நொடி. அவர்களுக்கு வந்திருப்பது 34.4. குழாய் நிரம்பாதது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்கு வேறு சந்தேகம். அந்த ரீஏஜென்டின் ஐஎஸ்ஐ உண்மையிலேயே 1.40தானா? போய்ச் சண்டை போடாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளையும் லாட் நம்பரையும் ஒரு முறை பார்க்கலாமா என்று கேளுங்கள்.

பொதிகை எழுதியது:

நீலமூடி அம்மா பிடித்த இடம் எனக்கும் சரியாகப் படுகிறது. தம்பி போய்விட்டு வரட்டும். அதற்குள் இந்த ஐஎஸ்ஐ என்ற எண் எப்படி வந்தது என்று சொல்கிறேன். இது இல்லாத காலத்தில் எவ்வளவு ரத்தம் வீணாகப் போனது என்று தெரிந்தால்தான் இதன் அருமை தெரியும்.

பிடி டெஸ்டை 1935இல் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஆர்மண்ட் க்விக். அவர் முயல் மூளையைப் பயன்படுத்தினார். பிறகு ஒவ்வொருவரும் அவரவர் மூளைச்சாற்றைச் செய்துகொண்டார்கள். பிரிட்டனில் லியோன் போலர் மான்செஸ்டரில் மனித மூளையிலிருந்து ஒரே சீரான ரீஏஜென்ட் தயாரித்து நாடு முழுக்கக் கொடுத்தார். அது நுட்பமானது. அமெரிக்காவில் விற்றவை மந்தமான முயல் மூளை ரீஏஜென்ட்கள். இரண்டு நாட்டு டாக்டர்களும் நோயாளியின் நொடி நார்மலைப்போல இரண்டு மடங்கு வர வேண்டும் என்றே சொன்னார்கள். மான்செஸ்டர் ரீஏஜென்டில் இரண்டு மடங்கு என்றால் இன்றைய ஐஎன்ஆர் 2 சொச்சம். ஐஎஸ்ஐ 2.3 உள்ள மந்தமான ரீஏஜென்டில் அதே இரண்டு மடங்கு என்றால் ஐஎன்ஆர் கிட்டத்தட்ட 4.9! அமெரிக்காவில், அசிட்ரோம் மாதிரியான வார்ஃபரின் மாத்திரையின் டோஸ் ஏறிக்கொண்டே போனது.

1982இல் கனடாவில் ஹல், ஹிர்ஷ் குழுவினர் காலில் ரத்தக்கட்டி வந்த 96 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முயல் மூளை ரீஏஜென்டை வைத்து டோஸ், மறுபாதிக்கு மான்செஸ்டர் ரீஏஜென்டை வைத்து டோஸ். முதல் பாதியில் ரத்தக்கசிவு 22 சதவீதம், இரண்டாவதில் 4 சதவீதம். கட்டி திரும்ப வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர்தான். அதாவது கூடுதல் மருந்தால் ஒரு பயனும் இல்லை, ரத்தம் மட்டும் போயிற்று. மருந்தும் ஒன்று, நோயும் ஒன்று. வேறுபட்டது லேபில் இருந்த குப்பி.

அடுத்த வருடம், 1983இல், டாம் கிர்க்வுட் வகுத்த கணக்கை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. முதல் நிர்ணய ரீஏஜென்டின் பெயர் 67/40. அதன் ஐஎஸ்ஐ 1.0. புதிய ரீஏஜென்ட் எது வந்தாலும் 20 நார்மல் ஆட்களின் ப்ளாஸ்மாவிலும், மாத்திரையில் நிலைப்பட்ட 60 நோயாளிகளின் ப்ளாஸ்மாவிலும் நிர்ணயத்தோடு ஒப்பிட்டு ஐஎஸ்ஐ கொடுக்க வேண்டும். இன்று நம் ஊரில் அச்சாகும் ஐஎன்ஆர் எல்லாம் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

கார்த்திகைப்பூ எழுதியது:

டாக்டர், என் அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்கம். மாத்திரை எதுவும் இல்லை. அவருக்கும் ஒரு லேபில் 1.7, இன்னொரு லேபில் 2.1 வருகிறது. இதே காரணம்தானா?

பொதிகை எழுதியது:

பாதி அதேதான். ஆனால் உங்கள் அப்பாவின் விஷயத்தில் இரண்டு லேபும் தவறே செய்யாமல்கூட இது வரலாம். ஐஎஸ்ஐ கண்டுபிடிக்க எடுத்த 60 பேரும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றேன் அல்லவா? அந்த மாத்திரை குறைப்பது 2, 7, 9, 10 என்ற உறைகாரணிகளை மட்டும். கெட்ட கல்லீரல் 5ஆம் காரணியையும் ஃபைப்ரினோஜென் என்ற உறைபுரதத்தையும் சேர்த்துக் குறைக்கும். அந்த ரத்தத்துக்கு இந்த ஐஎஸ்ஐ பொருந்தாது. அதனால் ஒரே லேபில் காலப்போக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மணல்மேடு எழுதியது:

அப்படியானால் ஏபிடிடி, டி-டைமர் என்று ரத்த உறைவுக்கு எடுக்கும் மற்ற டெஸ்ட் எல்லாவற்றுக்கும் ஐஎன்ஆர் மாதிரி ஒன்று இருக்கிறதா? கொரோனா நேரத்தில் மாமாவுக்கு டி-டைமர் ஓரிடத்தில் 400, இன்னோரிடத்தில் 800 என்று வந்தது. குடும்பமே நடுங்கிவிட்டது.

நீலமூடி எழுதியது:

இல்லை தம்பி. ஏபிடிடிக்கு அப்படி ஒன்று இன்றுவரை கிடையாது. உறைதலைத் தூண்ட அதன் ரீஏஜென்டில் ஒருவர் சிலிக்கா போடுகிறார், ஒருவர் கேயோலின், ஒருவர் எலாஜிக் அமிலம். ஒவ்வொரு லேபும் தன் ரீஏஜென்டுக்குத் ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு ஊசி மருந்துக்கான எல்லையைத் தானே கண்டுபிடித்து வைக்க வேண்டும்.

டி-டைமரில் அலகு பாருங்கள். எஃப்இயு, டிடியு என்று இரண்டு உண்டு. ஒரு டிடியு சுமார் இரண்டு எஃப்இயு. உங்கள் 400ம் 800ம் ஒரே அளவாகக்கூட இருந்திருக்கலாம். அலகு போடாத டி-டைமர் ரிப்போர்ட்டை வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

பனங்காடு எழுதியது:

இவ்வளவும் படித்த பிறகும் நான் சொன்னதுதான் சரி என்று படுகிறது. சின்ன லேபில் இத்தனை நுணுக்கம் எப்படி வரும்? வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் வாங்கிவிடலாமே?

பொதிகை எழுதியது:

வீட்டு மெஷின் நல்லதுதான், வசதி உள்ளவர்களுக்கு. ஆனால் அதன் பட்டையிலும் இருப்பது இதே ரீஏஜென்ட், இதே நிர்ணயம். 2018இல் கோயாகுசெக் என்ற மெஷினின் பட்டைகளை ஒரு நிர்ணயத்திலிருந்து அடுத்த நிர்ணயத்துக்கு மாற்றியபோது, 4.5க்கு மேல் உள்ள ஐஎன்ஆர்கள் மிகையாகக் காட்டின. அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியும் தப்பவில்லை. 2001இல் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் ஆஸ்பத்திரி லேப் தவறான ஐஎஸ்ஐ எண்ணை வைத்துக் கணக்கிட்டது. ஐஎன்ஆர் குறைவாகத் தெரிந்ததால் டாக்டர்கள் டோஸை ஏற்றினார்கள், உயிர்கள் போயின.

நீலமூடி எழுதியது:

பனங்காடு சார், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மாதா மாதம் பஸ் ஏறி மதுரை போக முடியாத வால்வு நோயாளிகள் எவ்வளவோ பேர். ஊர் லேபை மூடினால் அவர்கள் டெஸ்ட் செய்யாமலேயே மாத்திரை சாப்பிடுவார்கள், அது இன்னும் மோசம். நானும் இரண்டு பேர் மட்டும் வேலை பார்த்த லேபில்தான் தொடங்கினேன். வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித்தரச் சோதனையில் சேர்ந்திருந்தோம். எல்லா லேபுக்கும் ஒரே ப்ளாஸ்மாவை உலர்த்தி அனுப்புவார்கள். நாம் செய்து எண்ணை அனுப்பினால், மற்ற லேபுகளுக்கு நடுவில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். முதல் முறை எங்கள் எண் தள்ளி நின்றபோது ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து காரணம் தேடினோம். வாட்டர் பாத் 35 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன லேபுக்கும் கண் இருக்கிறது சார், பார்க்க ஒரு கண்ணாடி கொடுத்தால் போதும்.

வைகைக்கரை எழுதியது:

போய்விட்டு வந்தேன் அக்கா. அந்த லேபில் இருக்கும் அண்ணன் நல்ல மனிதர். கேட்டதும் ஃப்ரிட்ஜைத் திறந்து பெட்டியை எடுத்து, தாளை என் முன்னாலேயே பிரித்தார். ஐஎஸ்ஐ 1.10. அவர் முகம் மாறிவிட்டது. போன மாதம் வழக்கமான கம்பெனி சரக்கு வரவில்லை என்று வேறு கம்பெனி ரீஏஜென்ட் வாங்கியிருக்கிறார்கள். இயந்திரத்தில் பழைய 1.40 அப்படியே இருந்திருக்கிறது. 1.10 போட்டுத் திரும்பக் கணக்கிட்டார். அம்மாவுக்கு 2.9 வந்தது.

அங்கேயே உட்கார்ந்து, அந்த மாதம் டெஸ்ட் செய்த எல்லோருடைய பெயரையும் ரிஜிஸ்டரில் பார்த்து ஒவ்வொருவராக ஃபோன் போடத் தொடங்கினார். நான் கிளம்பும்போது ஏழாவது ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

நீலமூடி எழுதியது:

அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த 13.0 பழைய ரீஏஜென்டுக்கான நொடியாக இருக்கும். புது ரீஏஜென்டுக்கு எம்என்பிடியும் புதிதாக எடுக்க வேண்டும். மாத்திரை சாப்பிடாத, ஆரோக்கியமான ஆணும் பெண்ணுமாகக் குறைந்தது 20 பேர். அவர்களின் நொடிகளுக்குப் பெருக்கல் சராசரி. ஒரு கன்ட்ரோல் குப்பியின் நொடியை அங்கே போடக் கூடாது.

வைகைக்கரை எழுதியது:

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்தார்கள். லேப்காரர் வீட்டு ஆட்கள், பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன், பால் சொசைட்டியிலிருந்து நான்கு பேர், என் மனைவி. பதினெட்டாவது குழாய் என்னுடையது. கோடு வரைக்கும் நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு 12.6 நொடி.

புது எம்என்பிடி 12.8. அதை வைத்து அம்மாவின் 34.4ஐத் திரும்பப் போட்டால் 2.97 வருகிறது. அடுத்த மாதம் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் கொடுத்துப் பார்க்கலாமா என்று மதுரையில் கேட்டேன், சரி என்றிருக்கிறார்கள். அந்த ஆறு எண்களையும் இங்கே போடுகிறேன்.